மண்சரிவுக்கு அந்தப் பக்கம்

கொடைக்கானலில் துணியைத் துவைத்துவிடலாம், காய வைப்பதுதான் கஷ்டம். அதனால் எங்கள் டிரை கிளீனிங் கடைக்கு வரும் துணியெல்லாம் வேனில் பழனிக்கு இறங்கி, சுத்தமாகி, மறுபடி மலையேறும். கவுண்டரில் நிற்பது நான். திட்டு வாங்குவதும் நான்தான்.

அன்று மலைப்பாதையில் மண் சரிந்து வேன் வழியிலேயே நின்றுவிட்டது. காலையிலேயே டிரைவர் செல்வம் அண்ணன் போனில் சொல்லிவிட்டார். "பாதை அடைச்சுக் கெடக்குங்க, வண்டி வரலைங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் நாக்கு மரத்துப்போனது. "ஒங்க கடைக்கு இதே சோலி" என்றார் ஒருவர். வாசலில் பனிமூட்டம் வந்து நின்றது, அதுவும் துணி கேட்க வந்ததுபோல.

சாயங்காலம் பஜாரில் மசாலாக்கடை வைத்திருக்கும் பாத்திமாம்மா வந்தார். மறுநாள் அவர் மகனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக் கோட்டு வேனுக்குள் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

அவர் முகம் வாடித்தான் போனது. பிறகு, "சரி, சட்டையோட ஒக்காரட்டும். டிரைவரு சாப்பிட்டாராம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. அவர் முன்னாலேயே போன் போட்டேன்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"ஒரு துணிகூட நனையலம்மா," என்றார் அவசரமாக.

"துணி இல்லண்ணே. நீங்க?"

மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் இறங்கியது.

"குளிருதும்மா," என்றார்.

கவுண்டரில் நிற்கும் அலுப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் செல்வம் அண்ணனிடம் பேசும்போது துணியைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறேன்.