வியாழக்கிழமை வந்த பௌர்ணமி

காலை ஆறே முக்காலுக்கு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜோதியம்மாளைத் தாண்டி, நெற்றி நிறைய விபூதியோடு ஐந்து பேர் வெறுங்காலில் மலைப்பக்கம் போனார்கள். பின்னாலேயே இன்னும் எட்டுப் பேர். வாய் நுரையோடு அவள் அவர்களை எண்ணினாள். சாதாரண வியாழக்கிழமைக்கு இது ஜாஸ்தி.

உள்ளே போய் போனில் கேன் ஆர்டர் ஷீட்டைத் திறந்தாள். பௌர்ணமி, வெள்ளி என்று பச்சைக் கட்டத்தில் தெளிவாக இருந்தது. சந்தேகம் போகவில்லை. கேன் ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி ஓட்டும் சக்கரவர்த்திக்குப் போன் போட்டாள்.

"பௌர்ணமி இன்னிக்குத்தாம்மா. காலைல பத்து மணிக்குப் பொறக்குது, நாளைக்குக் காத்தால முடிஞ்சிடுது. நாளைக்குனு உனக்கு யாரு சொன்னது?"

"ஷீட்டுதாண்ணா காட்டுது."

"ஏம்மா, அந்த ஷீட்டா கிரிவலம் போவுது?"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாள் தொடங்குவதற்கு முன்பே களைத்துப்போவது அவளுக்குப் புதிதல்ல.

கேன் தண்ணீர் வியாபாரம் பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. கணவர் மாறன் இரண்டு கையிலும் ஒவ்வொரு கேனாகத் தூக்கி மூன்று மாடி ஏறியவர். முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியபின் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாபாரம் முழுதும் இவள் தலையில் இறங்கியது. குளிக்கும்போதும் குழம்பு தாளிக்கும்போதும் ஆர்டருக்குப் போன் வரும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் கவிநிலாதான் இதற்கு வழி செய்தாள். வாடிக்கையாளர்கள் போனில் ஒரு ஃபார்மைத் திறந்து எத்தனை கேன் என்று போட்டால் போதும். அது ஷீட்டில் வரியாக விழும். சாயங்காலம் மொத்தக் கணக்கு தானாக வேங்கிக்காலில் தண்ணீர் நிரப்பும் பிளாண்ட்டுக்குப் போய்விடும். போன் ஓய்ந்தது. ஆனால் யாராவது 6 என்பதற்கு 66 என்று அடித்துவிட்டார்களா என்று வரிவரியாகப் பார்க்கும் வேலை புதிதாக வந்து சேர்ந்தது.

பெரிய ஆர்டர் விழும் பௌர்ணமித் தேதியை மட்டும் மாதாமாதம் அவளே அடித்துவந்தாள்; அந்த நாளுக்கான கணக்கு இரண்டு நாள் முன்பே பிளாண்ட்டுக்குப் போய்விடும். அந்தச் சிரமமும் வேண்டாமென்று, போன மாதம் கவிநிலா இணையத்தில் கிடைத்த ஒரு காலண்டரை ஷீட்டோடு இணைத்துவிட்டாள். அந்தக் காலண்டர் நிலா முழுசாக நிறையும் நேரத்தைப் பார்த்து நாளைக் குறிப்பது. திருவண்ணாமலைக்காரர்களோ திதி பிறந்ததும் நடக்க ஆரம்பிப்பவர்கள். போன மாதம் திதி விடியுமுன் பிறந்து அதே நாள் ராத்திரியில் நிலா நிறைந்ததால் நாள் ஒத்துப்போனது. இந்த மாதம் வெள்ளிக்கிழமை காலையிலேயே நிறைகிறது. கூட்டம் வியாழனே வந்துவிட்டது.

கூட்டம் வந்தால் கிரிவலப் பாதையான செங்கம் ரோட்டில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். அந்த ரோட்டில்தான் பாலாஜி மேனேஜராக இருக்கும் விடுதி. பௌர்ணமிக்கு அறுபது கேன். இவளுடைய வியாபாரத்தில் பாதி அங்கேதான். போன பௌர்ணமிக்கு வண்டி தாமதமாகி, அறைகளில் இருந்தவர்கள் தண்ணீரில்லாமல் கத்தியபோது பாலாஜி குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தான்: "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுனா வேற ஆள் பாத்துக்குறேங்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

கவிநிலா ஆபீஸ் பஸ்ஸில் இருந்தாள். ஜோதியம்மாள் போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"நாந்தாம்மா பாக்காம விட்டுட்டேன்."

"நீ இன்னா பண்ணுவ. ஊர்ல இருந்துக்கினு நானே பாக்கல."

சக்கரவர்த்தியின் வண்டியில் போய் இறங்கியபோது பிளாண்ட்டில் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. முதலாளி சுப்பிரமணி கையை விரித்தார். "எல்லாரும் நேத்தே சொல்லிட்டாங்கம்மா. நீ நாளைக்கு நூத்தி நாப்பதுனு அனுப்பிட்டு இன்னிக்கு வந்து நின்னா நான் எங்க போவேன்?"

"நான் அனுப்பல சுப்பிரமணிண்ணா, அதுவே அனுப்பிடுச்சு."

"அப்ப அதையே வந்து எடுத்துக்கச் சொல்லு."

பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் நகரவில்லை. பதினொன்றரை மணிக்கு, அவள் அங்கேயே நிற்பதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, அறுபத்தைந்து கேன் நிரப்பிக் கொடுத்தார்.

நூற்று நாற்பதில் அறுபத்தைந்து. மீதி எழுபத்தைந்து கேனுக்கு உரியவர்களிடம் நாளைக்குத்தான் என்று சொல்ல வேண்டும். ஷீட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லோருக்கும் செய்தி போய்விடும். அவளுக்கு மனசு வரவில்லை. வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இட்லிக்கடை காசியம்மாள் ஐந்து கேன் கேட்டிருந்தாள்.

"அட, ஜோதியா? உனக்கு இன்னும் வாய் இருக்குதா? ஃபார்ம் மட்டுந்தான் பேசும்னு நெனச்சேன்."

"கிண்டல் பண்ணாதக்கா. உனக்கு அஞ்சு கேன் இப்பவே எறக்கிடுறேன். கூட்ட நாள்ல கடைய எப்டி நடத்துவ."

இறக்கினாள். மற்றவர்களில் இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் 'சரிங்க' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஒன்று இருபதுக்குச் செங்கம் ரோட்டில் தடுப்பு போட்டிருந்தார்கள். இன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி, சீக்கிரமே மூடிவிட்டோம் என்றார் போலீஸ்காரர். விடுதிக்கு இன்னும் முந்நூறு மீட்டர் இருந்தது. சக்கரவர்த்தி தன் முழங்காலைப் பார்த்தார், பிறகு கேன்களைப் பார்த்தார்.

ஜோதியம்மாள் பாலாஜிக்குப் போன் செய்தாள். "சார், தண்ணி வந்துடுச்சு. பெட்டி தள்ற வண்டிய மட்டும் அனுப்புங்க."

தள்ளுவண்டியில் ஒரு தடவைக்கு ஆறு கேன். பத்து நடை. எதிரே வந்த கூட்டத்தில் பலர், யாரோ தர்மத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதாக நினைத்து பாட்டிலை நீட்டினார்கள். "வியாபாரத் தண்ணிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வறண்டது. நாலாவது நடையில் சக்கரவர்த்தி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மீதியை அவளே தள்ளினாள்.

கடைசி ஆறும் இறங்கும்போது பாலாஜி வெளியே வந்தான். ஷீட்டில் தேதி மாறிப்போன கதையைக் கேட்டுக்கொண்டே அவளுடைய நனைந்த புடவை ஓரத்தைப் பார்த்தான்.

"வேற ஒருத்தர்கிட்ட பேசி வெச்சிருந்தேங்க்கா. வேணாம்னு சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. இனிமே பௌர்ணமி தேதிய நானே போட்டுக்குறேன். உங்க ஷீட்ல எனக்கும் எழுத விடுங்க."

வாடிக்கையாளர் யாரையும் ஷீட்டுக்குள் விடக் கூடாதென்று கவிநிலா பலமுறை சொல்லியிருக்கிறாள். ஜோதியம்மாள் அறுபது கேனையும் ஒரு தடவை பார்த்தாள். ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் சொன்ன மின்னஞ்சலை எழுத்தெழுத்தாக அடித்து அனுமதி கொடுத்தாள்.

வண்டிக்குத் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தபோது ஷீட்டில் ஊதா நிறத்தில் பாலாஜி என்ற பெயர் நகர்ந்தது. அடுத்த பௌர்ணமித் தேதி விழுந்தது. பக்கத்தில் 60 அழிந்து 80 ஆனது. 'காலை ஒன்பதுக்குள்' என்று ஒரு குறிப்பு முளைத்தது. பிறகு அந்தப் பெயர் மெல்லக் கீழே இறங்கி, மற்றவர்களுடைய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது.

"இன்னாம்மா அப்டி பாக்குற?" என்றார் சக்கரவர்த்தி.

"மொதலாளி வந்துட்டாருண்ணா."

"எங்க? ரோட்லயா?"

"ஷீட்டுக்குள்ள." அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "வண்டிய எடுங்க. நாளைக்கு எழுபத்தஞ்சு கேன் இருக்குது."