பீரோக் கண்ணாடியில் ஒரு கோடு

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்த மாமா, அத்தைக்கு ஒரு சிவப்புக்கல் மோதிரம் வாங்கி வந்தார். அசல் மாணிக்கம் என்றார். மாமா சொல்வதில் பாதிக்குப் பாதி தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. தங்கையின் பிடிவாதத்துக்காக அந்தக் கல்யாணத்தைச் செய்துவைத்தவர் அவர். இருந்தாலும் சீரில் குறை வைக்காமல் வைர மூக்குத்தி போட்டுத்தான் அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் விருந்து. அப்பா மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. கற்களின் கடினத்தன்மையைப் பற்றி அந்த வாரம்தான் டீச்சர் நடத்தியிருந்தார். வைரம் எதையும் கீறும். மாணிக்கம் கண்ணாடியைக் கீறும். போலிக்கல் வழுக்கிக்கொண்டு போகும். அசல் கல்லை உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். படித்ததை எங்கே காட்டலாம் என்று அலைந்துகொண்டிருந்தவளுக்குக் கேட்கவா வேண்டும்?

உள்ளறைக்குப் போய், பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் கல்லை வைத்து இழுத்தேன். கோடே விழவில்லை. உதட்டில் வைத்தேன், சட்டென்று சூடேறிவிட்டது. ஓடிவந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“அப்பா, இது வெறும் கண்ணாடிக்கல்லு.”

“நான் அன்னைக்கே சொன்னேன்லா,” என்றார் அப்பா, தங்கையைப் பார்த்து. மாமா தலையைத் தூக்கவில்லை. பிசைந்த சோறு அப்படியே இலையில் இருந்தது. எனக்கு அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது.

அத்தை எழுந்தாள். “ஏளா, ஒன் கையில என்ன பெலம் இருக்கும்? கொண்டா, நான் பாக்கேன்.” மோதிரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. மூக்குத்தியின் திருகை முடுக்கிக்கொண்டே வெளியே வந்து, “அண்ணே, நீங்களே வந்து பாருங்க,” என்றாள்.

எல்லோரும் போனோம். கண்ணாடியில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அப்பா அதை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவர் மாமாதான். வாய் பேசியே பிழைக்கிறவர் என்று பேரெடுத்த மனுஷர், கண்ணாடியையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாங்க மாப்ள, மீன் ஆறிப் போவுது,” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து ‘மாப்ள’ வந்தது அதுதான் முதல் தடவை.

எனக்கோ அழுகையே வந்துவிட்டது. டீச்சர் சொன்னபடி செய்தும் தோற்றுவிட்டேனே! இன்னும் அழுத்திக் கீறியிருக்க வேண்டும் என்று பல நாள் என்னையே நொந்துகொண்டேன். மோதிரத்தால் கீறப் போனவள் மூக்குத்தியை எதற்குக் கழற்றினாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.