அளக்க வந்தவன் என்று நினைத்தார்கள்

உச்சவரம்புச் சட்டப்படி மிராசுதார்களிடம் மிஞ்சும் நிலத்தைக் கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்த காலம். மண் ஆராய்ச்சி மாணவனான நான் குத்தாலம் பக்கம் ஒரு வயலில் மண் தோண்டிக்கொண்டிருந்தேன். அங்கே நடவு வேலை செய்த அஞ்சலையம்மா என்னை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துப்போய், கோழி அடித்துச் சோறு போட்டார்.

"நீங்க அளந்து எழுதிட்டா எங்களுக்கும் ஒரு துண்டு கெடைக்கும்ல சார்?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. "நான் சர்வேயர் இல்லம்மா. படிப்புக்கு மண்ணு எடுக்க வந்தேன்."

அஞ்சலையம்மா, "அதனால என்ன, சாப்பிடுங்க" என்று இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அந்த வயலின் மண்ணால் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. அஞ்சலையம்மாவுக்கு நிலம் கிடைத்ததா என்று போய்க் கேட்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.