கரு தொட்ட இடம்

வலது கை சக்கரத்தைச் சுற்றுகிறது. இடது கையில் மெல்லிய தூரிகை. ஒவ்வொரு சுற்றுக்கும் மெழுகுக் கட்டி கத்தியின்மேல் இறங்கி ஏறுகிறது. ஒரு சீவல் கழன்று முந்தைய சீவலின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே நாடாவாக நீண்டு வருவதைத் தூரிகை அடியில் தாங்குகிறது. அந்தச் சீவலை எழுத்தின்மேல் போட்டால் எழுத்து அப்படியே தெரியும். மின்விசிறி ஓடவில்லை. "தும்மல், சிரிப்பு இரண்டும் வெளியே" என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற ஆய்வாளர்.

"விடுங்க. ஆனா அந்தப் பக்கமாத் திரும்பி விடுங்க."

சக்கரம் சுற்றும் இவரை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மெலிசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சீவலைப் பார்த்து வைத்த பேர். ஆளைப் பார்த்தால் யாரும் அப்படி வைக்கமாட்டார்கள் என்று அவரே முதலில் சொல்லிச் சிரித்துவிடுவார். கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவர். வேண்டாமென்று ஒதுக்கிய கட்டிகளைக் கேட்டு வாங்கி, கெடுத்துக் கெடுத்துத்தான் வெட்டக் கற்றுக்கொண்டார். மெழுகு இளகினால் சீவல் சுருங்கும், அதனால் கட்டியைப் பனிக்கட்டிமேல் வைக்கவேண்டும். அதிகம் குளிர்ந்தால் விரிசல் விடும், அதனால் வெட்டுமுன் ஒருமுறை மெல்ல ஊதவேண்டும். எவ்வளவு மெல்ல என்பதற்கு அளவுகோல் கிடையாது.

இன்றைய கட்டிக்குள் இருப்பது எலியின் கருப்பைத் துண்டு. ஆய்வாளர் மெலிசக்காவைவிட மூத்தவர், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் படிக்க வந்தவர். அவர் சேகரித்த துண்டுகளில் சிலவற்றில் கரு இன்னும் சுவரைத் தொடவில்லை. மற்றவற்றில் உள்ளேயே புதைந்துவிட்டது. தொட்ட அந்த நேரம் அகப்பட்டது இந்த ஒன்றில்தான். இதிலிருந்து தெளிவான ஒரு படம் கிடைத்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

மதியம் மெலிசக்காவின் கணவர் வந்தார். பக்கத்துக் குடியிருப்பில் வாட்ச்மேன். மூவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள்.

"அப்படி என்னதான் தேடுறீங்க ரெண்டு பேரும்?"

"கருவுல பாதி அப்பாவோடதுங்க அண்ணே. அம்மா உடம்புக்கு அது பாதி அந்நியம். நியாயமா நோய் எதிர்ப்பு செல்லெல்லாம் சேர்ந்து அதைத் துரத்தணும். ஆனா துரத்தறதில்ல. ஏன்னு பாக்கறோம்."

"எங்க கேட்ல யாராவது மூட்டை முடிச்சோட வந்தா நானும் முதல்ல விசில்தான் ஊதுவேன். மேலேருந்து போன் வந்துட்டா நானே அவங்க கட்டிலைத் தூக்கிட்டுப் போவேன்."

ஆய்வாளர் தட்டை வைத்துவிட்டார். "அந்த போன்தான் அண்ணே சைட்டோகைன்! செல்லுக்குச் செல் அனுப்பற தகவல். கருப்பைச் சுவர்லேருந்தும் போகும். முதல்ல காயம் பட்ட இடம் மாதிரி கொஞ்சம் அமர்க்களம் நடக்கணும், இல்லேன்னா கரு ஒட்டாது. ஒட்டினதும் அது அடங்கணும், அடங்கலேன்னா தங்காது. சில காவல் செல்லுங்க ரத்தக்குழாயைக்கூட அகலமாக்கிக் குடுக்கும்."

"அதான், கட்டில் தூக்குறாங்க" என்றார் அவர் திருப்தியாக.

"வீட்டுல ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னா மட்டும் முதுகு வலி" என்றார் மெலிசக்கா.

சாயமேற்றும் வேலை மறுநாள் முடிந்தது. ஒரு வகைச் சைட்டோகைனைத் தேடிப் பிடிக்கும் மருந்தைச் சீவல்மேல் விடுவார்கள். அது இருக்கும் இடம் கடைசியில் பழுப்பாகும். துணைக்கு ஒரு சீவலை அந்த மருந்து விடாமலே சாயமேற்றுவார்கள். அது பழுப்பாகாமல் இருந்தால்தான் மற்றதை நம்பலாம்.

துணைச் சீவலும் பழுப்பாக இருந்தது.

"காபியில முக்கி எடுத்த மாதிரி இருக்கே" என்றார் ஆய்வாளர். குரலில் சிரிப்பில்லை. சற்று யோசித்துவிட்டு, "பெராக்சைடு ஊத்தினப்போ குமிழி வந்துச்சா?" என்று கேட்டார்.

கருப்பைத் திசுவிலும் ரத்த அணுக்களிலும் சாயத்தைத் தானாகவே பழுப்பாக்கும் நொதி உண்டு. அதை முதலில் பெராக்சைடு ஊற்றி அடக்குவார்கள்; வீரியம் இருந்தால் குமிழி வரும். மெலிசக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். பழைய பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்க, புதிதைத் திறக்க மனம் வரவில்லை. திறந்து திறந்து மூடியதில் அது வெறும் தண்ணீராகிப் போயிருந்தது.

"என் கஞ்சத்தனம் உங்க படிப்பைக் கெடுத்துடுச்சே."

"கெடலீங்க. கட்டியில மிச்சம் இருக்குல்ல?"

இருந்தது, கொஞ்சம்போல. கரு மணலைவிடச் சிறியது. சில சீவல் தாண்டினால் அது போயே போய்விடும். மெலிசக்கா கத்தியை மாற்றினார். கட்டியைப் பனிக்கட்டிமேல் வைத்தார், எடுத்தார், ஊதினார். சக்கரம் சுற்றியது. வந்தது குட்டை நாடாதான். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடித் துண்டுகளில் ஏந்தி, சாயமில்லாமலே நுண்ணோக்கியில் பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்கு. நீங்க வெளியில போய்ச் சிரிச்சுட்டு வாங்க."

இம்முறை புது பாட்டில். ஊற்றியதுமே திசுவின்மேல் குமிழிகள் பொரிந்தன. அடுத்த நாள் துணைச் சீவலை முதலில் பார்த்தார்கள்: திசு தெரிவதற்காகக் கடைசியில் விட்ட சாயத்தின் மங்கிய நீலம், பழுப்பு துளியும் இல்லை. பிறகு மற்றது. நீலத்துக்கு நடுவே கரு சுவரில் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி, அந்த இடத்தில் மட்டும், பழுப்பு வளையம்.

ஆய்வாளர் கண்ணை எடுக்கவேயில்லை. "போன் பண்ணியிருக்கு" என்றார்.

"போதும் எந்திரிங்க, கண்ணீர் விழுந்தா லென்ஸைத் துடைக்கறது நான்தான்."

மெலிசக்கா கண்ணாடித் துண்டை எடுத்து விளிம்பைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, ஆய்வாளரின் உள்ளங்கையில் வைத்தார்.