ஒட்டி வைத்த சாவுக் கடிதம்

போர் நிறுத்தம் இருந்த நாட்களில் இலங்கையின் மலைப்பக்கம், புளத்கொகுபிட்டிய பஜாரில் ஒரு கடையில் மூட்டை தூக்கினேன். எனக்குக் கொஞ்சம் வாசிக்க வரும் என்பதால், முதலாளியம்மா ஒரு தகரப்பெட்டியைத் தந்து வாசித்துச் சொல்லச் சொன்னார். கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து அந்தக் கடையைத் தொடங்கிய அவருடைய பூட்டனாருக்கு வந்த கடிதங்கள் அதில் இருந்தன. ஊரில் மனைவி இருக்கும்போதே அவர் இங்கே இன்னொருத்தியைக் கட்டினார் என்று சொந்தக்காரர்கள் குத்திக்காட்டுவார்களாம். முதலாளியம்மா அந்த இன்னொருத்தியின் வழியில் வந்தவர்.

ஊர் மனைவியின் கடிதங்கள் திடீரென நின்றிருந்தன.

"கைவிட்டுட்டாருங்கம்மா" என்றேன்.

"ஒழுங்கா பாருடா. எதையும் சுருட்டிக்கலையே?"

பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே இன்னொரு கடிதம் கிடைத்தது. மூலைகளில் கறுப்பு மை தடவியிருந்தது. ஊர் மனைவி இறந்த செய்தி. இங்கே கல்யாணம் நடந்ததற்கு முந்திய தேதி.

நான் நம்பவில்லை. சாவுக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துப்போடுவோம், வீட்டில் வைக்கமாட்டோம். அம்மாவே எழுதிச் செருகியிருப்பார் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது நடுவே கிழிக்கப்பட்டு, மாவுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பசை போன வழியெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

"கிழிச்சிட்டு, மறுபடி ஒட்டி வச்சிருக்காருங்கம்மா."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எத்தனையோ ஊர் சுற்றிய நான், கடிதம் நின்றால் பாசமும் நின்றுவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.