மேல்தட்டுக்குப் போகும் படி

ஏழு வருடமாக நான் ஒரு மாடிப்படியைச் செய்துகொண்டிருந்தேன். இதைச் சொன்னால் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிற சனம்கூடச் சிரிக்கும். ஒஸ்லோவில் இவ்வளவு படித்து, பொறியியலாளர் என்று பெயரும் எடுத்து, கடைசியில் படி கட்டுகிற வேலையா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. வீட்டுப் படி இல்லை, விமானத்துக்குள் வைக்கிற படி என்று விளக்கினால் இன்னும் கூடச் சிரிப்பார்கள்.

அது இரண்டு தட்டு விமானம். வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்று, கீழேயும் மேலேயும் ஆட்களை நிரப்பிக்கொண்டு பறக்கிற மாதிரி மிகப் பெரிய பயணிகள் விமானம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தது. லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னக் கொம்பனிக்கு அதில் கிடைத்த பங்கு, கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் போகிற படி. கார்பன் இழைத் துணியை அச்சில் அடுக்கி, சூளையில் வேகவைத்துச் செய்வது. ஒரு படியைச் சுண்டுவிரலால் தூக்க வேண்டும், அதன்மேல் மூன்று தடியர்கள் குதித்தாலும் கீறல் விழக்கூடாது, நெருப்பில் போட்டால் புகையவும் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்கிறவனை என்னவென்று திட்டுவது? திட்டிக்கொண்டே செய்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்திருந்தது.

காசு விசயம்தான் வேறு மாதிரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை பெற்றோர் கோப்பி குடித்துக்கொண்டு கதைத்திருப்பார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கச்சியின் பிள்ளைகளைச் சாட்டி நானும் போய் உட்காருவேன். அங்கேதான் தங்கச்சிக்கும் அவள் புருசனுக்கும் இதை விளக்கினேன். படியைச் செய்யச் சொன்னவன் அதை உருவாக்குகிற செலவைத் தர மாட்டான். நாங்கள் எங்கள் காசைப் போட்டு வரைந்து, அச்சுச் செய்து, சோதித்து வைத்திருக்க வேண்டும். பிறகு விமானம் ஒன்று விற்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பங்கு வரும். இதற்குப் பெயர் பங்காளி. பெயர் வடிவாகத்தான் இருக்கிறது.

மச்சான், அதாவது தங்கச்சியின் புருசன், பஸ் ஓட்டுகிறவர். அதிகம் கதைக்காத மனிதர். ரோல்ஸைக் கடித்தபடி யோசித்துவிட்டு, அப்படியென்றால் விமானம் பறந்தால்தான் காசா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். பறக்காவிட்டால்? நான் சிரித்தேன். எவ்வளவு பெரிய நிறுவனம், மூன்று நாட்டு அரசாங்கங்கள் கடன் கொடுக்கின்றன, பறக்காமல் என்ன செய்யும் என்று அளந்தேன். என் வாய் அப்படி. சும்மா கிடக்காது.

அந்த வருடம் கொம்பனியின் கையிருப்பு அச்சுக்குப் போதவில்லை. வங்கி பாதிதான் தருவேன் என்றது. அதனால் வேலை செய்பவர்களும் அவர்களுடைய நெருங்கிய சொந்தக்காரரும் பங்கு வாங்கலாம் என்று கடிதம் தந்தார்கள். நான் கொஞ்சம் வாங்கினேன். அந்தக் கடிதத்தைத் தங்கச்சி வீட்டுக்கு ஏன் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். புழுகத்தான், பெருமையடிக்கத்தான். வேறென்ன.

அவர்கள் வீடு ட்வெய்ட்டாவில், அடுக்குமாடியின் ஆறாவது தளம். படுக்கையறை இரண்டு. பதின்மூன்று வயது மருமகளும் அவளுடைய ஆறு வயதுத் தம்பியும் ஒரே அறையில், நடுவில் ஒரு திரைச்சீலை. அவன் எட்டு மணிக்குப் படுத்துவிட்டால் லைட் போடக் கூடாது. அதனால் அவள் வாசலுக்குப் போகிற வீட்டு நடைபாதையில் துணி அயன் பண்ணி அழுத்துகிற பலகையை விரித்து, அதில் புத்தகம் வைத்துப் படிப்பாள். அவளுக்கென்று ஒரு அறை வேண்டும். அதற்காகத்தான் தங்கச்சி முதியோர் இல்லத்துச் சமையலறையில் சனி ஞாயிறு முறைகளையும் கேட்டு வாங்கி, ஒன்பது வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வீடு வாங்க வங்கி கடன் தர வேண்டுமென்றால் முதலில் சொந்தக் காசு காட்ட வேண்டும். அவர்கள் கிட்டப் போகும்போதெல்லாம் வீட்டு விலை ஒரு எட்டு முன்னால் போய்விடும். நான் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இனி அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோர்வேக்காரர் பேச்சில் இரண்டு சின்னச் சொற்கள் உண்டு. ஒன்று 'நோர்'. பறக்கும்போது, விற்கும்போது என்பதில் வருகிற 'போது'. மற்றது 'ஒம்'. பறந்தால், விற்றால் என்பதில் வருகிற 'ஆல்'. தமிழில் அந்த 'ஆல்' வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும், தனியாக வெளியே வராது. அவர்களுக்கு அது முன்னால் தனியாக நிற்கிற சொல். கோபம் வந்தால் அதை மட்டும் எடுத்து எறியலாம்.

எங்கள் திட்டத் தலைவர் நல்ல மனிதர், பின்னல் சட்டை போட்ட நெடிய ஆள். அவர் வாயில் 'நோர்' மட்டும்தான் வரும். முதல் விமானம் பறக்கும்போது. நூறாவது விமானம் கொடுக்கும்போது. கூட்டத்துக்குக் கூட்டம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிக்கும். விமானம் வாங்கி ஓட்டுகிற கொம்பனி ஒன்றுகூட இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அவர் 'நோர்' என்கிற இடத்தில் எல்லாம் நான் 'ஒம்' என்பேன். ஆனால் யாழ்ப்பாணத்து நாக்கு அதைக் குட்டையாகச் சொல்ல விடாது. நீண்டு 'ஓம்' என்றுதான் வரும். கூட வேலை செய்பவர்கள், இவர் தியானத்தில் இருக்கிறார் என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டத்துக்கு நடுவே போன் அடித்தது. தங்கச்சி. வேலை நேரத்தில் கூப்பிட மாட்டாளே என்று காதில் வைத்து, பொறு என்றேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டி, நூறு விமானம் கொடுக்கும்போது நாங்கள் போட்டதெல்லாம் திரும்பிவிடும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஓம்!' என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இன்னும் உரக்க 'ஓம்!' என்றேன். காதுக்குள் தங்கச்சி, "சரியண்ணை, அப்ப சரி" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாள். ஏதோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு விசயமாக்கும் என்று நினைத்தேன். திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மறந்தே போனேன்.

மூன்று கிழமை கழித்து ட்வெய்ட்டா நிலக்கீழ் ரயில் நிலையத்தில் மச்சானைக் கண்டேன். என்றும் கைகொடுக்காத மனிதர் என் கையைப் பிடித்து, சேர்த்ததெல்லாம் உங்கள் கொம்பனியில் போட்டாயிற்று, நீங்கள் சொன்னபடியால் பயமில்லை என்றார். நான் எப்போது சொன்னேன்? அவரோடு கூடவே வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் கேட்டேன்.

"என்னண்ணை, அண்டைக்குப் போனிலை கேட்டனான் எல்லே? எல்லாத்தையும் போடட்டோ எண்டு. ரெண்டு தரம் ஓம் ஓம் எண்டு சொன்னனியள்" என்றாள்.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் தலைவரிடம் எறிந்த நோர்வே 'ஒம்', அவள் காதில் ஆமாம் என்கிற எங்கள் ஊர் 'ஓம்' ஆக விழுந்திருந்தது. எங்கள் கொம்பனியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வேலை செய்கிறார், எதற்கும் 'ஆமாங்க' என்பார். அவர் தங்கச்சிக்கு இது நடந்திருக்குமா? தமிழ்நாட்டில் பிறந்து தொலைத்திருக்கலாமே என்று ஒரு விசர் நினைப்பு வந்தது. தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முகம் வெளிச்சமாக இருந்தது. நான் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.

அடுத்த நாள் கணக்குப் பகுதிப் பெண்ணிடம் போய், ஒருவர் போட்ட காசைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். அவள் பரிதாபமாகப் பார்த்து, அது அச்சாகிவிட்டது என்றாள். உண்மைதான். அந்தக் கிழமையே லொறியில் வந்து இறங்கியது. ஆள் உயர இரும்பு அச்சு, எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு நின்றது. எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. என் மருமகளின் அறை அதற்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அந்த விமானம் பறந்தே ஆக வேண்டும். கூட்டத்தில் 'ஒம்' சொல்வதை விட்டுவிட்டேன். தலைவர் 'நோர்' என்றால் தலையாட்டினேன். படியில் கிராம் கிராமாக எடை குறைத்தோம். இன்னும் குறை என்றார்கள், இன்னும் குறைத்தோம். சூளைக்குப் பக்கத்தில் நின்று நின்று சட்டையெல்லாம் பிசின் நாற்றம். எல்லாச் சோதனையிலும் படி தேறியது. ஆனால் என்ன செய்ய? கிராமைக் குறைக்க எனக்குத் தெரியும். எங்கோ ஒரு விமானக் கொம்பனியின் முதலாளியைப் பிடித்து, இதை வாங்கு என்று சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை. இரண்டு இயந்திரம் பூட்டிய சின்ன விமானம் போதும், பெரியதை நிரப்ப ஆள் கிடைக்காது, எரிபொருள் கட்டாது என்று அவர்கள் சொல்வதை நான் ரயிலில் பேப்பரில்தான் படித்தேன். படிக்கப் படிக்க அவர்கள் சொல்வது சரி என்றே பட்டது. அதுதான் கொடுமை.

தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும், உங்கடை பிளேன் என்னவாம் என்று கேட்பாள், வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி. நான், இழுக்குது, ஆனால் பரவாயில்லை என்பேன். மருமகள் நடைபாதையில் பலகைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவளுக்குப் பதினாறு வயதாகிவிட்டது. பலகையின் உயரத்தை இரண்டு தரம் கூட்டியாயிற்று.

போன மாசி மாதம், சாப்பாட்டு நேரத்துக்கு முன் தலைவர் எங்களை வேலைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். அங்கே முழு அளவில் பூட்டிய படி நின்றது. அதன் முதல் படியில் ஏறி நின்று கடிதத்தை வாசித்தார். விமானத் திட்டம் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்தப் படி வேறெந்த விமானத்திலும் பொருந்தாது. வளைவும் உயரமும் அதற்கென்றே செய்தவை. பங்குகளுக்கு இனி ஒரு பெறுமதியும் இல்லை என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய சொந்த வீடும் அதற்குள்தான் என்று பிறகு அறிந்தேன். கடைசியில், திட்டம் திரும்பத் தொடங்கும்போது என்று ஆரம்பித்தார். 'நோர்' என்றுதான் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் நின்ற படியைப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு ட்வெய்ட்டாவுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பிடுவதற்கு முதலே எல்லாவற்றையும் சொன்னேன். விமானம் இல்லை. காசு இல்லை. பிறகு, இவ்வளவு காலமும் விழுங்கி வைத்திருந்த அந்தப் போன் கதையையும் சொன்னேன். தங்கச்சியும் மச்சானும் விளங்காமல் பார்த்தார்கள். நடைபாதையிலிருந்து மருமகள்தான் முதலில் பிடித்தாள். "அம்மா, மாமா சொன்னது நோர்வே ஒம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அடுத்த நொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் எழுந்து யன்னலடிக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

தங்கச்சி கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். "அப்ப, நான் கேட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையோ, அண்ணை?" என்றாள்.

"கேக்கேல்லை" என்றேன்.

"நான் வேலையிலை குசினிக்குப் பின்னாலை குளிருக்கை நிண்டு போன் எடுத்தனான். நீங்கள் உடனை சொன்னபடியால், எவ்வளவு யோசிச்சு வைச்சிருந்திருக்கிறியள் எண்டு நினைச்சனான்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சோறு போட்டாள். நான் உண்மையில் அவள் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சாப்பிடும்போது யோசித்தேன். அந்த நாட்களில் எனக்கிருந்த புழுகுக்கு, தமிழ் ஓம்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

வெளிக்கிடும்போது மருமகள் பலகையை மடித்து எனக்கு வழிவிட்டாள். நான் குனிந்து சப்பாத்தைப் போட்டேன். தாய்க்குக் கேட்காத மாதிரி மெல்லக் கேட்டாள்.

"மாமா, நான் இஞ்சை இருந்து போறதுக்கிடையிலை எனக்கெண்டு ஒரு அறை வருமோ?"

"ஓம்" என்றேன்.

"எந்த ஓம்?"

பகிடிக்குக் கேட்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் திரும்பக் குனிந்து, கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினேன்.