புள்ளியக்கா அளந்த நான்கு அடுப்புகள்

கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருந்த அந்த அம்மாவை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தராசில் எதையாவது நிறுத்துவிட்டு யாராவது "நாப்பத்தி மூணு கிராம்" என்று சொன்னால் போதும், கையிலிருக்கும் துணியை மேசையில் வைத்துவிட்டு, "புள்ளிக்கு அப்புறம் என்ன?" என்று கேட்பார். பட்டப்பெயர் காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆய்வகத்தில் முப்பத்திரண்டு தெர்மாமீட்டர்கள். எது கால் டிகிரி கூட்டிச் சொல்லும், எது மெதுவாக ஏறும் என்று பிள்ளைகளின் குணம் தெரிவதுபோல அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் முதல் மாதத்தில் எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். நூறுக்கு அரை டிகிரி குறைந்தாலும் சிவப்பு நூல் கட்டித் தனியே வைத்துவிடுவார்.

கல்லூரியில் மலையேறும் குழு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அதே துறையின் பேராசிரியை. புள்ளியக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த வருடம் ஆறு நாள் நடக்க வேண்டிய ஒரு பெரிய மலைக்குப் போகத் திட்டமிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். எந்த அடுப்பை எடுத்துப்போவது என்று குழுவுக்குள் ஒரே சண்டை. கடைசியில் பேராசிரியை நான்கு அடுப்புகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து புள்ளியக்காவின் மேசையில் வைத்தார்.

"எனக்கு இவங்க பேச்சு வேணாம்க்கா. நீங்க அளந்து சொன்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

புள்ளியக்கா முதலில் சிரித்தார். மலை என்று ஒன்றை அவர் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். அன்று மாலையே ஒரு புது நோட்டுக்கு அட்டை போட்டார்.

முதலில் எடை. ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் தகர அடுப்பு உள்ளங்கையில் அடங்கியது. முப்பத்தொன்று புள்ளி இரண்டு கிராம். கேஸ் டப்பாவின் தலையில் திருகி வைக்கிற அடுப்பு எழுபத்து மூன்று புள்ளி நான்கு. மடித்து வைக்கும் சுள்ளி அடுப்பு நூற்றெண்பத்து நான்கு. பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு அறுநூற்றைத் தாண்டியது; அதைத் தூக்கும்போதே, "இதச் சுமக்க இன்னொரு ஆளக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

பிறகு ஆய்வகத்துக்குப் பின்னாலிருந்த திறந்த தாழ்வாரத்தில் தீ மூட்டினார். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் தண்ணீர், ஒரே பாத்திரம், ஒரே மூடி. கேஸ் அடுப்பு இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் கொதிக்க வைத்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தார். ஸ்பிரிட் அடுப்புக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. சுள்ளி அடுப்பில் பாத்திரம் கரி பிடித்ததைத் தேய்க்கவே அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் ஆய்வகத்து மேசை விசிறியைக் கொண்டுவந்து காற்றடிக்க விட்டார். கேஸ் அடுப்பின் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஸ்பிரிட் அடுப்பின் சுடர் படுத்துக்கொண்டது. இருபது நிமிடமாகியும் தண்ணீர் எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. தகட்டை வளைத்து மறைப்பு வைத்தபோது கேஸ் டப்பா கைபொறுக்காத அளவுக்குச் சூடாவதைத் தொட்டுப் பார்த்துச் சட்டென்று அணைத்தார். "கேஸ் டப்பாவைச் சுற்றி மறைப்பு கட்டக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டார்.

மலையில் குளிரும் என்று சொன்னார்களே என்று, டப்பாவைத் துறையின் குளிர்பெட்டியில் மேல்தட்டில் ஒரு மணி நேரம் வைத்தார். வெளியே எடுத்துப் பற்றவைத்தால் சுடர் நோஞ்சானாக நின்றது. அணைத்துவிட்டு டப்பாவைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கால் மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி பற்றவைத்தபோது சுடர் சீறிக்கொண்டு எழுந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் உடம்புச் சூட்டைத் தின்றுதான் அந்த நெருப்பு எழுந்தது என்பது அவரை ஏதோ செய்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். கவனமாகக் கேட்டுவிட்டு, இருபத்தெட்டு வருடமாகத் தன்னை யாரும் மடியில் வைத்துச் சூடேற்றவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. ஸ்பிரிட் அடுப்பு எடை குறைவுதான். ஆனால் எரிபொருளை இரு மடங்கு குடிக்கிறது. பதினேழு முறை தண்ணீர் கொதிக்க வைப்பதற்குள் இரண்டு சுமையும் சமமாகிவிடும், அதற்குமேல் கேஸ்தான் இலகு என்று கணக்குப் போட்டிருந்தார். ஆறு நாளுக்குக் கேஸ். டப்பாவோடு படுத்துத் தூங்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

பேராசிரியை நோட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். மூடி வைத்துவிட்டு, "மேல வந்து நீங்களே பாருங்கக்கா" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார் புள்ளியக்கா. வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் பயந்தார். வீட்டில் கணவர்தான், "போயிட்டு வா. முட்டி வலிக்குதுன்னு பாதியில திரும்பி வந்தா சிரிக்க மாட்டேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் சிரிப்பேன்" என்றார்.

மூன்று மாதம், ஆய்வகத்து எடைக்கற்களைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, கல்லூரியின் நான்கு மாடியையும் காலையும் மாலையும் ஏறி இறங்கினார். புறப்படும்போது பட்டியலில் இல்லாமல் அவராக எடுத்துவைத்தது ஒன்றுதான்: ஒரு தெர்மாமீட்டர். ஆய்வகத்தில் இருக்கிறதிலேயே பொய் சொல்லாதது. மூங்கில் குழாய்க்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்.

முதல் மூன்று நாள் அவருக்கு மலையே கண்ணில் படவில்லை. முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரிந்தது. நான்காம் நாள் தலைவலி. மூச்சு வாங்கியது, பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். அவருக்காக எல்லோரும் அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் நடந்து, நான்காயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு முகட்டின் ஓரம் கூடாரம் அடித்தார்கள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் வெளியே வந்தார். தண்ணீர் பாட்டில் கல்லாக இறுகியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அதன்மேல் மலையின் நிழல் ஒரு பெரிய முக்கோணமாக விழுந்திருந்தது. சத்தமே இல்லை.

இரவெல்லாம் தன் வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்த டப்பாவை எடுத்து அடுப்பைத் திருகினார். ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. பனிக்கட்டியை உடைத்துப் பாத்திரத்தில் போட்டு உருக்கினார். குச்சியில் நூல் கட்டித் தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

நாற்பது. அறுபது. எண்பது. எண்பத்தைந்தில் குமிழிகள் வரத் தொடங்கின. எண்பத்தாறு புள்ளி எட்டில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் அங்கேயே நின்றது. அவர் காத்திருந்தார். சுடரைக் கூட்டினார். தண்ணீர் துள்ளி விளிம்பில் தெறித்தது. பாதரசம் மயிரிழைகூட அசையவில்லை.

பேராசிரியை பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"ஏற மாட்டேங்குது மேடம்" என்றார் தணிந்த குரலில்.

"ஏறாதுக்கா. மேல அழுத்துற காத்து இங்க கம்மி. நம்ம ஊர்ல இருக்கிற காத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல நமக்குக் கீழ போயிடுச்சு."

இது அவருக்குத் தெரியாததல்ல. எத்தனையோ மாணவர்கள் இதை ஒப்பிப்பதை அலமாரி துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஆனால் அன்று அவர் தலையைத் திருப்பி அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். வெறும் இடம் என்று இத்தனை நேரம் நினைத்தது வெறும் இடமில்லை. காற்று அங்கே கிடந்தது, குளத்துத் தண்ணீர்போல, தன் கனத்தோடு. பிறந்ததிலிருந்து தான் அதன் அடியில்தான் நடந்திருக்கிறோம், சமைத்திருக்கிறோம், தூங்கியிருக்கிறோம் என்று உடம்புக்கே தெரிந்தது. கையை நீட்டி, விரல்களை விரித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். கண்ணில் நீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"இத்தன வருஷமும் என் தலைமேல இவ்வளவு இருந்துச்சா" என்று மட்டும் கேட்டார்.

பேராசிரியை அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தத் தண்ணீரில் போட்ட நூடுல்ஸ் வேக வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஊர் திரும்பிய அன்று, எந்த அடுப்பு ஜெயித்தது என்று கணவர் கேட்டார். கேஸ்தான் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, காற்றைப் பற்றிச் சாப்பாடு ஆறும்வரை பேசினார். கணவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. மறுநாள் பேருந்தை எடுக்கும்போது கண்ணாடிக்கு வெளியே வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்ததாகப் பின்னால் ஒருமுறை சொன்னார்.

அதற்குப் பிறகு புள்ளியக்கா இன்னும் இரண்டு மலை ஏறினார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதித்தது என்று அந்த நோட்டில் எழுதினார். ஆய்வகத்தில் கொதிநிலைச் சோதனை நடக்கும் நாளில், மாணவர்கள் நூறு என்று எழுதிவிட்டுக் கிளம்பும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைப்பார். பாதிப்பேர் பார்க்காமல் போவார்கள். நின்று பார்க்கிறவர்களிடம், அடுப்பைப் பற்றிக் கேட்டால் அடுப்பைப் பற்றியும், காற்றைப் பற்றிக் கேட்டால் காற்றைப் பற்றியும், மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.